கோட்டு போட்ட ஏசுவடியான்

தொப்பியை இடது புருவத்தின் மேல் இன்னும் கொஞ்சம் சரித்துவிட்டு, ஏசுவடியான் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். திருப்தியில்லை. கழற்றி, உச்சிப் பள்ளத்தை இரண்டு விரலால் கிள்ளிவிட்டு மறுபடியும் வைக்கிறார். “ஏளா, சரிவு சரியா இருக்கா?” என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுக்கிறார். மனைவி பிளாரன்ஸ் மீன் அரிகிற அரிவாள்மனையிலிருந்து தலை தூக்காமலே, “கீழ விழாம இருக்குல்லா, போங்க” என்கிறாள். அவர் போவது எங்கோ பேங்குக் கொள்ளைக்கு அல்ல. பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் சரக்குச் சீட்டு டைப் அடிக்கிற வேலைக்கு. அதுவும் சைக்கிளில்.

தொப்பி, ஏதோ ஒரு கிரேக்கக் கப்பலின் சமையல்காரனிடம் வாங்கியது. கோட்டு, கோடு போட்ட சாம்பல் துணியில் டபுள் பிரஸ்ட். நாசரேத்தில் மாப்பிள்ளைக் கோட்டு மட்டுமே தைத்துப் பழகிய தையல்காரரிடம் அளவு கொடுத்ததால், எதிரே வருகிறவருக்கு ஏசுவடியான் எப்போதும் பெண்ணைத் தொலைத்துவிட்ட மணமகன் மாதிரிதான் தெரிகிறார். தூத்துக்குடி வெயிலில் கோட்டு நனைந்து, உப்புக் காற்றில் காய்ந்து, முதுகில் வெள்ளைக் கோடுகள் படிந்துவிடும். “அண்ணாச்சி முதுகுல பாத்தி கட்டினா நல்லா உப்பு விளையும்” என்பது உடன் வேலை பார்க்கும் மாடக்கண்ணுவின் கணிப்பு. பழுப்புச் செருப்பில் பாதிக்குக் கான்வாஸ் ஷூவுக்குப் போடும் வெள்ளையைத் தீட்டி இருநிறச் செருப்பாக்கியிருக்கிறார். மத்தியானத்துக்குள் அந்த வெள்ளை கால்சட்டைக்குக் குடிபெயர்ந்துவிடும். உதட்டோரம் சிகரெட் உண்டு, நெருப்பு கிடையாது. புகை பட்டால் மூச்சிழுப்பு வந்துவிடும். தூள் உதிர்ந்து வெறுங்காகிதமாகும் வரை ஒரே சிகரெட்டைக் கவ்விக்கொண்டிருப்பார்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி செய்த வேலை. ஆராதனையில் குருவானவர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கும்போதே ஏசுவடியான் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருப்பார். ஐம்பது வருசத்துக்கு முந்தைய அமெரிக்காவில் கள்ளச்சாராயம் காய்ச்சி, காரின் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு சுட்டுத் தள்ளுகிற கூட்டங்களின் படம் மூன்று வாரம் ஓடினால் மூன்று வாரமும் போவார். கதை தெரியாது. வசனம் ஒன்றும் பிடிபடாது. “வசனம் எதுக்குவே? தொப்பியப் பாரும். தலைவன் தொப்பி வேற, கையாள் தொப்பி வேற. எவன் சாவான், எவன் மிஞ்சுவான்னு அதுலயே எழுதியிருக்கு” என்று பக்கத்து நாற்காலியில் மாடக்கண்ணுவுக்கு விளக்கம் சொல்வார். திரையில் ஒருவன் குண்டடிபட்டுப் படிக்கட்டில் உருளும்போது கொட்டகையே மூச்சைப் பிடித்திருக்க, இவர் மட்டும், “காலர் மடிப்பு கலையல பாத்தீரா?” என்பார்.

தமிழ்ப் படத்துக் கொள்ளைக்காரர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. கோடு போட்ட பனியன், கழுத்தில் கைக்குட்டை, கன்னத்தில் மரு. “இவன்லாம் கொள்ளைக்காரனா? ஐஸ் விக்கப் போறவன் மாதிரில்லா இருக்கான்” என்று எழுந்து வந்துவிடுவார். அமெரிக்கக் கூட்டத்தாரிடம் அவருக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்றுண்டு. “அடிச்சே கொன்னாலும் கூட்டாளி பேரச் சொல்ல மாட்டான்வே. அவன் மனுசன்!” இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். வேதாகமம் வாசிக்கையில் தழுதழுத்து யாரும் பார்த்ததில்லை.

இப்போது ஒரு வருசமாக, டீக்கடையில் யார் கிடைத்தாலும் அவர் சொல்கிற சமாசாரம் வேறு. “கடத்தல் பொன்னுதுரையும் நானும் ஒரே வரிசையில நிக்கோம். சாட்சி வாரான். பாக்கான். நேரா வந்து என் நெஞ்சுலல்லா கைய வச்சான்! பொன்னுதுரை இன்னைக்கு வெளிய நடமாடுதான்னா யாரால?” இந்த இடத்தில் சிகரெட்டை உதட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மாற்றுவார். கேட்கிறவர் அசந்து போவார். அசராத ஒரே ஆள் மாடக்கண்ணு. அன்று அதே வரிசையில் அவரும் நின்றார்.

நடந்தது இதுதான். தருவைகுளம் பக்கம் கடத்தல் சரக்கு இறக்கின ஒரு கூட்டம், பார்த்துவிட்ட உப்பள வாட்ச்மேனை அடித்துப் போட்டுவிட்டது. பொன்னுதுரை பிடிபட்டான். ஆளை வாட்ச்மேன் அடையாளம் காட்ட வேண்டும். நாற்பது வயது, ஒல்லி, மீசை என்று பொன்னுதுரை சாயலில் சில பேரை வரிசையில் நிறுத்தியாக வேண்டும். கோர்ட்டுச் சேவகர் டீக்கடைக்கு ஆள் தேடி வந்ததும், சாயல் உள்ளவர்களெல்லாம் டம்ளரை வைத்துவிட்டு நழுவினார்கள். ஏசுவடியான் நானாச்சு என்று எழுந்தார். நழுவப் பார்த்த மாடக்கண்ணுவையும் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். நேரே வீட்டுக்குப் போய்க் கோட்டையும் தொப்பியையும் மாட்டினார். “கல்யாணத்துக்குப் போற மாதிரி ஜெயிலுக்குப் போற ஆள இப்பத்தான் பாக்கேன்” என்றாள் பிளாரன்ஸ்.

சப்ஜெயில் முற்றத்தில் மாஜிஸ்திரேட் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீர் யாரு, பேண்டு வாத்தியமா?” என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். வார்டர் ஒரு கட்டம் போட்ட கைலிச் சாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏசுவடியான் சாரமும் பனியனுமாக, மீன் வாங்க வந்தவர் போல வெயிலில் நின்றார்.

பொன்னுதுரையைக் கூட்டி வந்தார்கள். ஏசுவடியானுக்குப் பெரிய ஏமாற்றம். பல் வலிக்காரன் போலக் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஒரு சாதுவான ஆள். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று மாஜிஸ்திரேட் சொன்னதும், அவன் வந்து ஏசுவடியான் பக்கத்தில் நின்றுகொண்டான். தன்னைத் தேர்ந்தெடுத்தான் என்று இவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

“உங்க ஆளுக கோட்டெல்லாம் போடுறதில்லையோ?” என்று மெல்லக் கேட்டார்.

“கடல்ல எறங்கணும்லா அண்ணாச்சி. கோட்டு நனைஞ்சா முங்கிப் போவோமே” என்றான் பொன்னுதுரை, மரியாதையாக.

வாட்ச்மேன் வந்தான். தலையில் இன்னும் கட்டு. வரிசையை ஒரு தரம் கடந்து போனான், திரும்பி வந்தான். பொன்னுதுரைக்கு முன்னால் நின்றான், யோசித்தான், பிறகு ஒரு எட்டு நகர்ந்து ஏசுவடியான் நெஞ்சில் கையை வைத்தான். “இவன்தான்யா. இதே திருட்டு முழிதான்.”

ஏசுவடியான் போட்ட கூச்சலில் வெளியே நின்றவர்கள் கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“அய்யா! நானில்லய்யா! நான் நாசரேத்து! எங்க அப்பா உபதேசியாருய்யா! இந்தா, இவருதான் பொன்னுதுரை! இவரப் பிடிங்கய்யா, இவருதான்!”

“வாயை மூடும்!” என்றார் மாஜிஸ்திரேட். “உம்மை யாரு கேட்டா?” ஏசுவடியான் மூடவில்லை. தான் பாடகர் குழுவில் பாடுகிறவன் என்றார், இழுப்பு நோயாளி என்றார், அதற்குச் சான்றாகக் கொஞ்சம் இழுத்தும் காட்டினார். வாட்ச்மேன் குழம்பிப்போய், வைத்த கையை எடுக்கலாமா வேண்டாமா என்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்தான். மாடக்கண்ணு மானம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார். பொன்னுதுரை மட்டும் அசையவில்லை. தன் பேரைச் சொல்லிக் கத்துகிறவரை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாட்சி வேறு ஆளைக் காட்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாஜிஸ்திரேட் எழுந்தார். “உமக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுக்குப் போம்” என்று ஏசுவடியானிடம் இரண்டு தரம் சொன்னார். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வார்டர் பொன்னுதுரையை உள்ளே கூட்டிக்கொண்டு நடந்தார். கூடவே ஏசுவடியானும் நடந்தார். அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். வாட்ச்மேன் கை வைத்த நேரத்திலிருந்து அவர் பொன்னுதுரையின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். “கைய விடும்வே” என்று வார்டர் அதட்டினார். பிடி இன்னும் இறுகியது. அப்படியே அறைவாசல் வரை போய்விட்டார்.

“பயப்படாதீய அண்ணாச்சி” என்றான் பொன்னுதுரை. சுண்டு விரலில் ஆரம்பித்து, வலிக்காமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு, குனிந்து, தானே உள்ளே போனான்.