அவர் ஐந்து சொன்னால் நானும் ஐந்து

மொழிபெயர்த்துச் சொல்லும் தொழிலில் சொந்த வாய்க்கு வேலையே கிடையாது. அடுத்தவர் கோபத்தையும் அடுத்தவர் வயிற்று வலியையும் சுமக்கத்தான் அது. இரண்டு பேருக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. நாக்பூரில் ஒரு கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் இருந்ததில் இந்தி வந்தது. இப்போது உத்திரமேரூர் பக்கம் நாற்று நட வடக்கேயிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் நடுவில் நிற்பது என் வேலை. எனக்குக் கூச்சம் அதிகம்; சொந்தமாக நாலு வார்த்தை பேச வராது. அடுத்தவர் வார்த்தை என்றால் தடையில்லை. விரல்விட்டு எண்ணிக்கொள்வேன். ஐந்து வாக்கியம் வந்தால் ஐந்து போகும். அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்வேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் செல்வி டீச்சர் மாலை நேர இந்தி வகுப்பு தொடங்கினார். பதினைந்து நாளில் பத்துப் பேர் சேராவிட்டால் அந்த அறை கேரம் போர்டுக்குப் போய்விடும். சேர்ந்தது நான்கு பேர். “நீங்க பேசறத பசங்க பாத்தா அவங்களுக்கே ஆசை வரும், பெரியப்பா. நீங்க போற எடத்துக்கெல்லாம் கூட்டினு வரேன்” என்றார்.

ஐந்தாவது வாக்கியம்

முதல் நாள் நிலக்காரர் ஏகாம்பரத்தின் வயலுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து வரப்பில் வரிசையாக நின்றார்கள். நடவு ஆட்களின் மேஸ்திரி பிரதாப் சேற்றில் நின்றார். ஏகாம்பரம் என்னிடம் சொன்னார்: “இவன் நடவு நல்லாத்தான் கீது. நூல் புடிச்ச மாதிரி கீது. நம்ம ஆளுங்களுக்கு இப்டி வராது. ஆனா கேட்டான்னா தலைக்கு ஏறிடும். இத அவங்கிட்ட சொல்லாத.”

எண்ணினேன், ஐந்து. ஐந்தையும் சொன்னேன். பிரதாப் சேற்றுக் கையோடு ஏகாம்பரத்துக்குப் பெரிய கும்பிடு போட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. ஏகாம்பரம் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்:

“இன்னாய்யா, சொல்லாதன்னு சொன்னதையும் சேத்தா சொல்லுவாங்க?”

யாருடைய வயிறு

ஒன்பதாம் நாள் பிரதாப்புக்கு வயிற்று வலி. பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டீச்சர் விடாமல் ஐந்து பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்றார். டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்டார். பிரதாப் சொன்னதை அப்படியே சொன்னேன்: “எனக்கு மூன்று நாளாக வயிற்று வலி.”

டாக்டர் என்னைப் படுக்கச் சொன்னார். பெரிய படிப்புப் படித்தவர். எதிர்த்துப் பேசக் கூச்சமாக இருந்தது. படுத்தேன். என் வயிற்றை அமுக்கி, “இங்க வலிக்குதா?” என்றார். கேள்வி வந்துவிட்டால் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் கடமை. பிரதாப்பிடம் இந்தியில் கேட்டேன். அவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, ரொம்ப வலிக்கிறது என்றார். “ரொம்ப வலிக்கிறது” என்றேன். இப்படி நான்கு இடம் ஆனது. ஐந்தாவது இடத்தில் டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

“ஏன் பெரியவரே, உங்க வயிறு வலிக்குதான்னு பக்கத்து ஆளைக் கேட்டுத்தான் சொல்லுவீங்களா?”

கடைசி நாள்

பதினைந்தாம் நாள் மாலை. பட்டியலில் அதே நான்கு பெயர். கேரம் போர்டு வந்து சுவரில் சாய்ந்திருந்தது. டீச்சர் பிரதாப்பையே நூலகத்துக்கு அழைத்திருந்தார். பிள்ளைகள் கேட்க வேண்டியது, அவர் பதில் சொல்ல வேண்டியது, நடுவில் நான்.

ஒன்பதாவது படிக்கும் நித்யா, “உங்களுக்குப் பொண்ணு கீறாளா?” என்று கேட்டாள். பிரதாப் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்லக் குரல் கம்மியது, நிறுத்தவில்லை. எனக்கு விரல் தவறிவிட்டது. கையைக் காட்டி நிறுத்தி, இதுவரை சொன்னது ஏழா எட்டா என்று கேட்டேன்.

நித்யா எழுந்துவிட்டாள். “அய்யா, அவரு பொண்ண நெனச்சி அழுதுகினு கீறாரு. நீங்க இன்னாத்த எண்ணிக்கினு கீறீங்க?”

பிரதாப் போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டினார். பிள்ளைகள் என்னைத் தள்ளிக்கொண்டு அவரைச் சுற்றி நின்றார்கள். எத்தனை வயது என்று விரலால் கேட்டார்கள். அவரும் விரலால் சொன்னார். பிறகு மகளின் பெயர், பள்ளிக்கூடம், மாடு என்று அரை மணி நேரம் போனது. ஒரு வாக்கியம்கூட முழுசாக இல்லை. அலமாரிப் பக்கம் நின்ற என்னை யாரும் கேட்கவில்லை.

முடிந்ததும் நித்யா டீச்சரிடம் போனாள். “எழுதிக்கோங்க மிஸ். இவரு நடுவுல இல்லாம பேசணும், அதுக்கு எத்தினி நாள் ஆவும்?” அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். ஆக, ஒன்பது. டீச்சர் சுவரில் இருந்த கேரம் போர்டைப் பார்த்தார். அப்போது பிரதாப் கையைத் தூக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள், வயலில் பொறுக்கிய அரைகுறைத் தமிழிலேயே சொல்லிவிட்டார்:

“மிஸ், என் பேரும் போடு. பசங்க இந்தி, நான் தமிழ். அய்யா வூட்டுக்குப் போகட்டும்.”

பிள்ளைகளுக்கு மொழி படிக்கும் ஆசை வர வேண்டுமானால் நடுவில் என்னை மாதிரி ஓர் ஆளை நிறுத்தினால் போதும். அவனை ஒழித்துக்கட்டவாவது படித்துவிடுவார்கள்.