எதைப் பார்த்துப் பயந்தது

மஸ்தான் பாயின் மெத்தைக் கடை எரிந்த பிறகு ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குள் இலவம்பஞ்சு பறந்துகொண்டே இருந்தது. பஞ்சு பற்றினால் சட்டென்று எரிந்து தீராது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு கிடக்கும். தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்துவிட்டுப் போன பின்னும் புகைந்தது. காற்று வந்தால் ஓரம் கருகிய பஞ்சு எழும்பி, வெயிலில் மினுங்கி, எங்கே இறங்குவது என்று தெரியாததுபோல் தெருவின் மேலே நின்று, பிறகு இறங்கும். கொடியில் காய்ந்த துணியில் ஒட்டியது. குடத்துத் தண்ணீரில் மிதந்தது. யுவராணி சோற்றிலிருந்து ஓர் இழையை எடுத்து விரல்நுனியில் வைத்துப் பார்த்தாள். எடையே இல்லை.

அவள் மடியில் கிடந்த பதினோரு மாதக் குழந்தை ஜோதிகா அந்தப் பஞ்சைக் கண்கொட்டாமல் பார்த்தது. தீ வைத்த நாளிலிருந்து குழந்தை தூங்கவில்லை. கண் அயரும், கால் மணி நேரத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்து வீறிடும்.

மேட்டுத்தாங்கல், பூந்தமல்லிக்கு மேற்கே ஏரியை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் அம்மன் கோயில் தெரு, மறுபக்கம் பள்ளிவாசல் தெரு, நடுவில் தார் ரோடு. யுவராணி பிறந்தது கோயில் தெருவில். அவளுடைய அம்மா அங்கம்மா அந்த வட்டாரத்து வயல்களில் நாற்று நட்டவள். வயல்கள் மனைகளானதும் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விடுதிக்குப் பாத்திரம் துலக்கப் போனாள். யுவராணி பன்னிரண்டாவது முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், ஒயர் முனைகளுக்குக் கிளிப் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். லோடு ஆட்டோ ஓட்டும் ஜீவாவை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவர்களுடைய கல்யாண மெத்தையை மஸ்தான் பாய்தான் தைத்துக் கொடுத்தார். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. யுவராணி வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் கமலம் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள்.

நாலு வயதில் யுவராணியும் ஒரு முறை பயந்திருக்கிறாள். ஆவடியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது, தொழிற்சாலையிலிருந்து வந்த பீரங்கி வண்டி ஒன்று மூடுதுணி இல்லாமல் ரோட்டில் நின்றது. அந்தக் குழாயின் வாய் நேராகத் தன்னையே பார்த்ததாக அவளுக்குத் தோன்றியது. மூன்று நாட்கள் காய்ச்சல். அங்கம்மா அவளைத் தூக்கிக்கொண்டு, மேட்டுத்தாங்கலில் எல்லாத் தாய்மார்களும் செய்வதைச் செய்தாள். அந்தித் தொழுகை முடியும் நேரத்துக்குப் பள்ளிவாசல் வாசலில் போய் நின்றாள்.

தொழுதுவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, ஏதோ முணுமுணுத்து, நெற்றியில் ஊதிவிட்டுப் போனார்கள். யுவராணிக்கு அது இன்றும் கனவுபோல் நினைவிருக்கிறது. ஒரு முகம் வந்து போகும், அடுத்த முகம் வரும். வெற்றிலை வாசம், அத்தர் வாசம், ஏலக்காய் டீ வாசம். ஊதுவதற்கு முன்னால் முதல் ஆள் கேட்க வேண்டும், தாய் பதில் சொல்ல வேண்டும். அன்று கேட்டவர் மஸ்தான் பாய். அப்போது அவருக்குத் தாடி கருப்பு.

"எதப் பாத்து பயந்துச்சு?"

"பீரங்கிய பாத்து, பாய்."

"நல்ல புள்ளதான். அதப் பாத்து ஊரே பயப்படணும்" என்று சிரித்தார்.

வீடு திரும்பும்போது அம்மா சொன்னாள்: "எதப் பாத்து பயந்துதோ அத உள்ளபடி சொல்லணும்டி. மாத்திச் சொன்னா ஊதின காத்து நிக்காது."

இருபத்திரண்டு வருடங்கள் கழித்து வந்த கலவரம் ஒரு பேனரில் தொடங்கியது. ஆடித் திருவிழாவுக்குக் கட்டிய பேனர் கிழிந்திருந்தது. காற்று கிழித்ததா ஆள் கிழித்தானா என்று யாருக்கும் தெரியாது. எங்கோ எடுத்த ஒரு வீடியோ போன் போனாகப் போனது. மத்தியானத்துக்குள் இரண்டு தெருவிலிருந்தும் கற்கள் வந்தன. பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்த கல் ஒன்று ஜீவாவின் வண்டிக் கண்ணாடியை நொறுக்கியது. தவணை இன்னும் முடியாத வண்டி.

ஜீவாவைக் கூட்டிவர யுவராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அவன் மெத்தைக் கடை முன்னால் நின்றிருந்தான். தன் வண்டியிலிருந்த டீசல் கேனை எடுத்து யாரோ ஒருவனிடம் கொடுத்தான். "ஏய்யா, வாய்யா வூட்டுக்கு" என்று அவள் கூப்பிட்டதும் திரும்பினான். அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. குழந்தை வீறிட்டது. அப்போது தீ இன்னும் எழும்பவில்லை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் குழந்தைக்கு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். கமலம் தலையாட்டினாள். "மருந்து உடம்புக்கு. இது பயம். ஊதினாத்தான் போவும். ஆனா இப்ப எந்த மூஞ்ச வெச்சுக்கினு அங்க போறது?"

ஜீவா ஒரே வார்த்தையில் மறுத்தான். "நீ அங்க போயி நின்னா நான் தெருவுல தல தூக்க முடியாது."

"கொளந்த தூங்கணும்யா."

"தூங்கும்."

அவன் கையை நீட்டினான். குழந்தை யுவராணியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறியது. அவன் கையை மடக்கிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் வேலை விட்டு வந்து, அடுப்பில் அரிசியைப் போடப் பாங்குச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அவள் வீட்டில் இரவுச் சோற்றுக்கு அதுதான் கடிகாரம். வெகுநேரம் கழித்துத்தான் நினைவு வந்தது, பள்ளிவாசல் மைக் நின்று ஆறு நாளாகிறது என்று. வெளிச்சம் மட்டும் மெல்ல மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பாட்டிலில் தண்ணீர்கூட எடுத்துக்கொண்டாள், ஓதி வாங்க. தார் ரோட்டைத் தாண்டி, பள்ளிவாசல் கேட் முன்னால், அம்மா நின்ற அதே இடத்தில் நின்றாள். கேட்டில், கலவரத்தன்று போலீஸ் சீல் வைத்த பூட்டு தொங்கியது. ஊருக்கே தெரிந்தது அவளுக்கும் தெரியும்தான். ஆனால் கால் பழைய வழியிலேயே வந்து நின்றுவிட்டது.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா? லீவு வுட்டாச்சு, தெரியாதா?"

"எப்ப சார் தொறப்பாங்க?"

"பெரிய ஆளுங்க பேசி முடிக்கணும். நான் பூட்டுக்குத்தான் காவலு. பேச்சுக்கு இல்ல." பிறகு குழந்தையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்த மெத்தக் கடை பாய் தெனம் அவுரு கடைக்குள்ளதான் தொழுவுறாரு. வேணும்னா அங்க போயி பாரு."

கடைக்குக் கூரை இல்லை. தகரம் சுருண்டு தொங்கியது. தையல் மெஷினின் இரும்புக் கால்கள் மட்டும் கருப்பாக நின்றன. தரையில் ஒரு தொழுகைப் பாய் விரிக்கும் அளவுக்கு மட்டும் சாம்பலைப் பெருக்கி, அங்கே மஸ்தான் பாய் தொழுதுகொண்டிருந்தார். யுவராணி பள்ளிவாசல் கேட்டில் நின்றதுபோலவே கடை வாசலில் நின்றாள். மேலே திறந்த வானத்திலிருந்து பஞ்சு ஒன்றிரண்டாக இறங்கியது. சில அவர் முதுகில் உட்கார்ந்தன. அவர் குனிந்தபோது உட்கார்ந்தவை நிமிர்ந்தபோது பறந்தன. தான் நாலு வயதுக்காரியா, குழந்தையைத் தூக்கி நிற்பவளா என்று ஒரு நிமிடம் அவளுக்கே புரியவில்லை.

தொழுகை முடிந்து பாய் எழுந்து வந்தார். தாடி முழுக்க வெள்ளை.

"அங்கம்மா பொண்ணு இல்ல நீ? பீரங்கி."

அவள் தலையாட்டினாள்.

"முன்னெல்லாம் நாப்பது பேரு ஊதுவோம். இப்ப நான் ஒருத்தன்தான் கீறேன். போதுமா?"

"போதும் பாய்."

அவர் குழந்தையின் நெற்றியருகே குனிந்தார். "எதப் பாத்து பயந்துச்சு?"

"தீயப் பாத்து" என்றாள் யுவராணி. சொன்ன உடனேயே அந்த வார்த்தை வாயில் சாம்பலாக இருந்தது. அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

"இல்ல பாய்" என்று அவசரமாகச் சொன்னாள். "தீ அப்புறம்தான் வந்துச்சு. அவங்க அப்பாவப் பாத்து."

மஸ்தான் பாய் இழுத்த மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, கருகிய தையல் மெஷினைப் பார்த்தார். யுவராணி திரும்பிப் போய்விடத் தயாரானாள்.

"வண்டிக்குக் கண்ணாடி மாத்திட்டானா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல பாய்."

"ம்."

மறுபடி குனிந்தார். உதடுகள் அசைந்தன. நெற்றியில் ஊதினார், மார்பில் ஊதினார், பிடரியில் ஊதினார். கிராம்பு வாசமும் எரிந்த பஞ்சு வாசமும் சேர்ந்து வந்தன. குழந்தை அழவில்லை. கையை நீட்டி அவர் தாடியில் ஒட்டியிருந்த ஒரு பஞ்சிழையைப் பிடுங்கியது.

"மூணு நாளு வரணும். தெரியுமில்ல?"

"வரேன்."

மூன்றாம் நாள் ஊதி முடித்துத் திரும்பும்போது குழந்தை அவள் தோளிலேயே தூங்கிவிட்டது. வாயோரம் எச்சில் வழிய, கனமான தூக்கம். தார் ரோட்டின் இந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் அருகே ஜீவா நின்றிருந்தான். இரண்டடி எடுத்து வைத்தான். யுவராணி கையை உயர்த்தித் தடுத்தாள். அவன் நின்றான். குழந்தையின் முகத்தை எட்டிப் பார்த்தான். பிறகு சத்தம் வராமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பத்தடி தள்ளி, பின்னாலேயே வெறுங்காலோடு நடந்து வந்தான்.

அவள் குழந்தையை மெத்தையில் கிடத்தினாள். அவன் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இன்னா சொன்ன?" என்று கிசுகிசுத்தான். "எதப் பாத்து பயந்துச்சுன்னு?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவுரு இன்னா சொன்னாரு?"

"வண்டிக்குக் கண்ணாடி மாத்திட்டானான்னு கேட்டாரு."

ஜீவா கையிலிருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே குழந்தை புரண்டது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அது எழுந்திருக்கவில்லை.