ஆள் பார்க்காத ‘ங்க’

பாப்பாரப்பட்டியில் டீக்கடை நடத்திய அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கல் மூக்குத்தி, சேலைமேல் ஆண் சட்டை. சிலரைக் கண்டால் “வா” என்று தொடங்கி, ஒரு கணம் நின்று, “ங்க” என்று சேர்ப்பார்.

நான் டீ குடிக்கப் போயிருந்த அன்று, ஊருக்கு வெளியே உள்ள காலனியிலிருந்து வந்த முதியவரை அப்படித்தான் அழைத்தார். கடைக்குப் பால் ஊற்றும் விவசாயி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவனுக்கும் வாங்க, எனக்கும் வாங்கவா?”

“ஆமாங்கண்ணா. மவ கடைய வீடியோ எடுத்துக் காட்டுனா. அதுல உங்களுக்கு வாங்க, உங்களவிட மூத்தவருக்கு வெறும் வா. இத்தன வருசமா என் வாயி ஆள் பாத்துப் பேசியிருக்கு, எனக்கே தெரியல.”

“நாளைல இருந்து பால் வராது.”

“சரிங்க. வரக்காப்பி போட்டுக்கறேன்.”

விவசாயி எழுந்து போனதும் முதியவர் நெளிந்தார். “எனக்கு எதுக்குங்கம்மா இதெல்லாம்? பழையபடியே கூப்பிடுங்க.”

“நீங்க மட்டும் எனக்கு இத்தன நாளா ‘ங்க’ போடலியா? உக்காருங்க.”

அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். மறுநாள் கடைக்குப் பால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று மீதமிருந்த பாலில் முதல் டீ அவருக்குத்தான் போனது.