பதினோரு பர்சன்ட்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. எனக்குக் கதை கட்டத் தெரியாது, ஜாக்கெட் தைக்கத்தான் தெரியும். இது போன ஐப்பசியில் என் வீட்டு வாசலில் நடந்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். அது பயத்தால் மட்டும் இல்லை.

வல்லத்திராக்கோட்டையில் செம்மண் பாதை முடிகிற இடத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ரகுநாத் உரக் கம்பெனியில் சேல்ஸ் வேலை பார்த்தார். ஆலங்குடி, அறந்தாங்கி என்று தினமும் அலைச்சல். பெட்ரோலுக்கு அழுது அழுது ஓய்ந்துபோய் எலக்ட்ரிக் கார் வாங்கினார். அதிலிருந்து மனிதர் ஆளே மாறிவிட்டார். பங்க்கில் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் "பாவம்" என்பார். சொந்தக்காரர் யார் வந்தாலும் காபி தருவதற்கு முன்னால் சார்ஜர் பெட்டியைக் காட்டுவார்.

வீட்டில் சார்ஜ் போடுவதை ஒரு பூஜை மாதிரி செய்வார். சாயங்காலம் போடவே மாட்டார். ஊரில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் மிக்சியும் ஓடும், வோல்டேஜ் நிற்காது என்பார். இரவு பதினொரு மணிக்குத்தான் ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவார். சரக்... சரக். பிறகு சார்ஜர் கன்னைக் காரில் செருகுவார். டக்... டக். இரண்டு சத்தம். அந்த நொடியில் எங்கள் படுக்கையறை டியூப் லைட் லேசாக மங்கி எழும். அப்புறம் காருக்குள் இருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். இரண்டு வருஷம் அந்த முனகலைக் கேட்டுத்தான் நான் தூங்கினேன்.

எண்பது பர்சன்ட் வந்ததும் எழுந்து போய்க் கழற்றிவிடுவார். எண்பதுக்கு மேல் ஏற்றினால் பேட்டரிக்கு ஆயுசு குறையுமாம். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கரன்ட் ரேட் எகிறிவிடும் என்று, டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பார். வண்டிக்காக வீட்டு ஏசியை அணைத்தவர் அவர். நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டு கத்துவேன். "காருக்குச் சோறு போட்டாச்சு, எனக்குக் காத்தை நிறுத்தியாச்சு. நல்லாருக்குங்க ஒங்க நியாயம்!" சிரிப்பார். கரன்ட் விஷயத்தில் மட்டும்தான் என் பேச்சைக் கேட்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் திருக்கோகர்ணம் கோயிலுக்கு அந்த வண்டியில்தான் போவோம். திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைந்ததும் டிஸ்பிளேவைத் தட்டிக் காட்டுவார்.

"பாத்தியா ஈஸ்வரி? போயிட்டு வந்ததுக்குப் பதினோரு பர்சன்ட்தான்."

ஒவ்வொரு வாரமும் இதே வசனம். எனக்குச் சலித்துவிட்டது. இப்போது அந்த ஒரு வசனத்தைக் கேட்க என்ன வேண்டுமானாலும் தருவேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு உண்ணாமலை அக்கா குழம்பு கொடுத்தனுப்பினால், அந்தப் பாத்திரத்தை நான் வெறுமனே திருப்பித் தர மாட்டேன். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவேன். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அவர் அதையே காருக்கும் வைத்துக்கொண்டார். யாராவது அவசரத்துக்கு வண்டி கேட்டால், எண்பது ஏற்றித்தான் சாவியைக் கொடுப்பார். "வெறும் பாத்திரத்தையா குடுத்தனுப்புறது?" என்பார்.

புரட்டாசி கடைசியில், ஆலங்குடியில் ஓர் உரக்கடை வாசலில் பேசிக்கொண்டே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அவரை ஆம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள். அவருடைய வண்டியை யாரோ ஒரு பையன் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

கருமாதி முடிந்தது. மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குத் திரும்பினாள். வீட்டில் நானும் வாசலில் அந்தக் காரும்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. சார்ஜர் கன்னைத் தொடக்கூட மனம் வரவில்லை. என் அண்ணன் உடையப்பன் வந்தான்.

"நிக்கப் போட்டா பேட்டரி செத்துரும் ஈஸ்வரி. திருக்கோகர்ணத்துல ஒரு பார்ட்டி இருக்கு, ரெங்கராஜ்னு. நல்ல மனுசன். தள்ளிவிட்ருவோம்."

"அவரு தொட்டுத் தொட்டுப் பாத்த வண்டிண்ணே."

"தெரியுது. என்ன செய்யச் சொல்ற?"

சரி என்று தலையை ஆட்டினேன். ரெங்கராஜ் வந்து ஓட்டிப் பார்த்தார். பிறகு அண்ணன் வண்டியை உள்ளே விட்டான். அவன் குட்டை, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவான். பேட்டரி பதினான்கில் இருந்தது. "அவரு வழியில போட்டுக்கிறாராம், விடு" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் வண்டி போய்விடும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மணி 11.05.

சரக்... சரக்.

கண்ணைத் திறந்தேன். ரப்பர் செருப்புச் சத்தம். அவருடைய செருப்பைக் கருமாதி அன்றே எறிந்தாயிற்று.

டக்... டக்.

பிறகு அந்த முனகல். 'ம்ம்ம்...'

டியூப் லைட்டைப் பார்த்தேன். அது மங்கவே இல்லை. சார்ஜ் ஏறத் தொடங்கினால் மங்கி எழுமே... அன்று அசையாமல் எரிந்தது. அது ஏன் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. போர்வைக்குள் உடம்பெல்லாம் வேர்த்தது.

ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தேன். முனகல் நிற்கவில்லை. கடைசியில் பயத்தைவிட இன்னொன்று பெரிதாகிவிட்டது. எழுந்து கதவைத் திறந்தேன்.

வாசலில் யாரும் இல்லை.

சார்ஜர் கன் காரில் செருகியிருந்தது.

சுவரில் இருந்த சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். பெட்டி இருட்டாக இருந்தது.

ஆனால் கார் முனகிக்கொண்டிருந்தது...

என் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எப்போதும் நான் உட்காரும் இடம். டிஸ்பிளே ஒளிர்ந்தது. முப்பத்தொன்று.

பக்கத்தில் திரும்பினேன்.

டிரைவர் சீட்...

கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. அவரைப் போல நெட்டையான ஆள் உட்காருகிற மாதிரி.

"ஏங்க..." என்றேன்.

முனகல் நின்றது.

ஒரு மூச்சு விடும் நேரம். ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி ஆரம்பித்தது.

அழுதுவிட்டேன். பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. "நாளைக்கு வண்டிய அனுப்புறேங்க. வேணாம்னா சொல்லுங்க. சார்ஜை நிறுத்துங்க, நான் புரிஞ்சிக்கிறேன்" என்றேன்.

டிஸ்பிளேவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொன்று... முப்பத்திரண்டு.

நிற்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

விடிந்து பார்த்தால் கன் கொக்கியில் தொங்கியது. ஒயரை அவர் எப்போதும் சுற்றுகிற மாதிரியே வட்டமாகச் சுற்றியிருந்தது. டிஸ்பிளேயில் எண்பது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. வெறும் பாத்திரமாக அனுப்ப மனமில்லாமல் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அனுப்பச் சம்மதம் என்று அர்த்தம். ரெங்கராஜ் வந்ததும் சாவியை நானே என் கையால் கொடுத்தேன். "பரவாயில்லையே, ஃபுல்லா போட்டு வச்சிருக்கீங்களே அக்கா!" என்றார். வண்டி செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாதையில் திரும்பி மறைந்தது. மனசு கனத்தாலும் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதி சாயங்காலம் வரைதான் நிலைத்தது. சார்ஜர் பெட்டியைக் கழற்ற எலக்ட்ரீஷியன் திருமுருகன் வந்தார். மூடியைத் திறந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல எப்பக்கா கடைசியா சார்ஜ் போட்டீங்க?"

"நேத்து ராத்திரி."

"வெளையாடாதீங்கக்கா. கருமாதிக்குப் பந்தல் லைட்டு போட்டாங்கல்ல, அந்தப் பயலுக இந்த லைனைத்தான் வெட்டி இழுத்திருக்காங்க. திருப்பிச் சேக்கவே இல்ல. பாருங்க, ஒயரு மொட்டையாத் தொங்குது. கருமாதியிலேருந்து இந்தப் பொட்டிக்குக் கரன்டே கெடையாது."

பெட்டி இருட்டாக இருந்தது... லைட் மங்காமல் எரிந்தது... எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

திருமுருகன் போனதும் உண்ணாமலை அக்காவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அது ஒன் புருசன்னு எப்புடி நம்புற? செத்தவுக பேரைச் சொல்லிக்கிட்டு வேற எதுவும் வரும் ஆத்தா. கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டு. சத்தம் கேட்டா அழுதுகிட்டு நிக்காத. வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு வாய்க்கு வந்தபடி திட்டு. மானம் ரோசம் உள்ளதா இருந்தா அப்பறம் வராது."

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான் இது. பேய்க்கு வசவு ஆகாது. அன்றைக்கே சங்கிலி வாங்கிப் பூட்டினேன்.

அன்று இரவு மணி 11.40.

கிணிங்... கிணிங்.

கேட்டின் சங்கிலி ஆடியது. யாரோ மெதுவாக இழுத்துப் பார்க்கிற மாதிரி. கொஞ்ச நேரம். பிறகு நின்றுவிட்டது. மாடு உரசுகிறது என்று நினைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் இரவும் அதே நேரம்.

கிணிங்...

அதற்கு அடுத்த நாளும்.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே எதுவும் இல்லை. மாடு இல்லை. நாய் இல்லை. நிலா வெளிச்சத்தில் சங்கிலி மட்டும் ஆடியது...

புதன்கிழமை என்னால் தாங்க முடியவில்லை.

கிணிங்... கிணிங்.

விளக்குமாற்றை எடுத்தேன்.

கதவைத் திறந்தேன்.

"எவன்டா அது!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது. "நாயே, போயிரு! இனிமே இங்கிட்டு வந்தே, இதாலயே வாங்குவ! வராத! எப்பவும் வராத!"

சங்கிலி அப்படியே நின்றது.

செம்மண் பாதையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கல் நெறிபடுகிற சத்தம். அது மெல்ல விலகிப் போனது...

அதன்பின் சத்தமே இல்லை. வியாழன் இரவு இல்லை. வெள்ளி இல்லை. உண்ணாமலை அக்கா "சொன்னேன்ல?" என்றாள். பல நாளுக்குப் பிறகு நானும் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரெங்கராஜ்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அண்ணன் இருந்தப்ப வண்டியில ஏதாச்சும் கம்ப்ளைன்ட் இருந்துச்சா?"

"இல்லையே. ஏங்க?"

"வாங்கிட்டு வந்த அன்னைலேருந்து ஒரு கூத்து. ராத்திரி எண்பது பர்சன்ட்ல நிறுத்திட்டுப் படுக்குறோம். காலையில பாத்தா கொறஞ்சிருக்கு. ஓடாத வண்டிக்கா. வீட்டு கேட்டு பூட்டி, சாவி என் தலைமாட்டுல. கேமராவுல பாத்தா நின்ன எடத்துலயே நிக்குது. ஆனா எங்க தெரு சிமென்ட் ரோடு, காலையில டயர்ல பூராச் செம்மண்ணு."

என் கையிலிருந்த துணி நழுவியது.

"எவ்வளவு கொறையுது?" என்றேன்.

"அதான்க்கா அதிசயம். தெனமும் ஒரே அளவு. சொல்லி வச்ச மாதிரி பதினோரு பர்சன்ட்."

எழுந்து ஜன்னல் வழியாகப் பூட்டிய கேட்டைப் பார்த்தேன்.

திருக்கோகர்ணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பினால் பதினோரு பர்சன்ட். தினமும் இரவு வீட்டுக்கு வந்திருக்கிறார். பூட்டிய கேட்டை மெதுவாக இழுத்துப் பார்த்திருக்கிறார். அவர் சார்ஜ் ஏற்றியது வண்டியை அனுப்புவதற்காக இல்லை. அவரும் அதில்தான் போக வேண்டும், அதிலேயே திரும்பி வர வேண்டும். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"நானே வண்டிய எடுத்துக்கிறேன். திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

"அட, பயப்படாதீங்கக்கா. உங்களைக் குத்தம் சொல்லக் கூப்புடல. இப்பச் சரியாயிடுச்சு. போன புதன்கிழமையோட நின்னுருச்சு. அதுக்கப்பறம் ஒரு பர்சன்ட்கூடக் கொறையல. எண்பதுல வச்சா எண்பதுலயே நிக்குது."

போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே சங்கிலியை அறுத்து எறிந்தேன். திருமுருகனைக் கூப்பிட்டு, அந்த ஒயரைச் சேர்த்து, பெட்டியைப் பழையபடி மாட்டச் சொன்னேன். கார் இல்லாத வீட்டில் சார்ஜர் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இப்போது சுவரில் பச்சை விளக்கு எரிகிறது. கேட்டை நான் பூட்டுவதே இல்லை. தினமும் பதினொரு மணிக்கு வாசலில் போய் உட்கார்கிறேன். விடியும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.

எதுவும் வரவில்லை.

வராதே என்று சொன்னவள் நான்தானே. கரன்ட் விஷயம் தவிர, வேறு எதிலும் அவர் என் பேச்சைத் தட்டியதே இல்லை.