வெறுங்கால் டிரைவர்

மூச்சுத் திணறிய அப்பாவை நகரியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு எலக்ட்ரிக் டாக்சியில் கொண்டுபோனேன். டிரைவர் ஒல்லியானவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பெடலைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினார். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை.

"நைனாவுக்கு முடியலண்ணா, சீக்கிரம் போங்க. ஏசியாவது போடுங்க," என்று கெஞ்சினேன்.

"வேகமா போனா சார்ஜ் எறங்கிடும் சார். ஏசி இன்னும் துன்னும். கம்முனு குந்துங்க," என்றவர், நான் திறந்த ஜன்னலையும் காற்று வண்டியை இழுக்குமென்று மூடினார்.

புத்தூர் தாண்டியதும் அப்பாவின் தலை என் தோளில் சாய்ந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே, உயிர் போய்விட்டது என்றார்கள்.

ஸ்ட்ரெச்சரைப் பிடித்து நின்ற என்னை டிரைவர் அழைத்து, வண்டியின் சார்ஜ் காட்டும் திரையைக் காட்டினார். "பாருங்க சார், பாதி சார்ஜ் கூட போவல."

அப்போது அவர் முகத்தில் தெரிந்த வெள்ளந்தியான சந்தோஷத்தை என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.