அறுநூறு கிராம்

என் மாமாவின் குத்துச்சண்டை வாழ்க்கை முப்பத்தெட்டு வயதில் தொடங்கி முப்பத்தொன்பதில் முடிந்தது. மொத்தம் மூன்று சண்டைகள். ஒன்றில் வென்றார், ஒன்றில் தோற்றார், மூன்றாவதில் முருகன் குறுக்கே வந்துவிட்டார். கன காலமாக நான் அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கிரவீனில் எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். பேக்கரி ஒன்றில் மா மூட்டை தூக்கும் வேலை. தூக்கித் தூக்கி அவரும் ஒரு மூட்டையாகிக்கொண்டு வந்தார். இப்படியே போனால் சீனி வருத்தம்தான் என்று டொக்டர் வெருட்டிய பிறகு, டயர்க்கடைக்குப் பின்னால் இருந்த ஜிம்முக்குப் போகத் தொடங்கினார். அங்கே பயிற்சி கொடுத்தவர் தொங்கா நாட்டுக்காரர். அவர் மாமாவின் தோளை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த உடம்பை ஓடவிட்டுக் கரைப்பது பாவம் என்று கையுறையை மாட்டிவிட்டாராம். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. எடை குறைந்தால் நிறுத்திவிடுவார் என்று நினைத்திருப்பா.

மாமா நிறுத்தவில்லை. நாட்டிலிருந்து வந்து ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்திருந்தது. வென்ட்வேர்த்வில் கடைகளில் ஆட்கள் அவரைக் கண்டால் கையை மடக்கிக் காட்டினார்கள். எனக்கும் பள்ளிக்கூடத்தில் மதிப்புக் கூடியது.

சண்டைக்குப் பதிவு செய்ய ஒரு மருத்துவப் படிவம் இருந்தது. மாமாவின் ஆங்கிலம் கையெழுத்தோடு முடிந்துவிடும் என்பதால், பதினொரு வயதான நான்தான் அவருடைய செயலாளர். குசினி மேசையில் இருந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, அவர் பதில் சொல்லுவார். தலையில் எப்போதாவது பலத்த காயம் பட்டதுண்டா என்று ஒரு கேள்வி வந்தது. மாமாவின் இடது காதுக்குப் பின்னால் மயிர் முளைக்காத நீளத் தழும்பு ஒன்று இருந்தது. சின்ன வயதில் தென்னையால் விழுந்தது என்று சொல்லியிருந்தார். நான் அதை விரலால் காட்டினேன்.

“அதெல்லாம் கணக்கில்லை. இல்லையெண்டு போடு பிள்ளை.”

நான் ‘இல்லை’க்கு நேரே புள்ளடி போட்டேன். வடிவான புள்ளடி.

முதல் சண்டையில் எதிராளிக்கு மூச்சு வாங்கி, அவராகவே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவதில் வந்தவருக்கு மூச்சு வாங்கவில்லை. மாமா நிறைய அடி வாங்கிப் புள்ளியில் தோற்றார். அடுத்த நாள் காலையில் அவர் பால் போத்தலைக் கொண்டுபோய்ச் சப்பாத்து அலுமாரியில் வைத்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று மூன்று தரம் கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்து, மூன்றாவது தரம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றா.

ஹெவிவெயிட் பிரிவில் ஆள் தட்டுப்பாடு என்பதால், ஒரு தோல்வியோடும் மாமாவுக்கு மாநில இறுதிச் சண்டையில் இடம் கிடைத்தது. பெயர் கொடுத்ததே இரண்டு பேர்தான். நாற்பதுக்குப் பிறகு அனுமதி இல்லை. மாமாவுக்கு அடுத்த பங்குனியில் நாற்பது. ஆகவே இதை விட்டால் இல்லை. வென்றவரின் இடுப்பில் கட்டிவிடும் பட்டி எங்கள் வீட்டுக்கு வந்தால் எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூட நானும் மாமாவும் முடிவு செய்துவிட்டோம்.

அந்த நாட்களில் ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா என்னிடம் கேட்டா, “உந்தச் சண்டைக்கு எத்தினை கிலோ இருக்கவேணுமாம்?”

தொண்ணூற்றொன்றுக்குக் குறையக்கூடாது, மாமா இப்போது தொண்ணூற்று மூன்று என்று பெருமையாகச் சொன்னேன். அம்மாவும் ஒருவழியாக எங்கள் பக்கம் வந்துவிட்டா என்று சந்தோஷப்பட்டேன்.

சண்டை நடக்கும் சனிக்கிழமைதான் அந்த வருஷம் சூரன்போர். அம்மா மாமாவைக் கூப்பிட்டு, “தம்பி, இந்த முறை நீயும் கந்தசட்டி விரதம் பிடி. எனக்காக ஒருக்காப் பிடி” என்றா. வெல்ல வேண்டுமென்றால் முருகனை விட்டு வேறு யார் என்று நானும் சேர்ந்து சொன்னேன். மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓமக்கா” என்றார்.

ஐந்து நாள் பாலும் பழமும். ஆறாம் நாள் தண்ணீரும் கிடையாது. தண்ணீரில் என்ன பிழை என்று அப்பா கேட்டதற்கு, பிடித்தால் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டா.

சனிக்கிழமை காலையில் பென்ரித் பக்கம் ஒரு மண்டபத்தில் எடை பார்த்தார்கள். மாமா கால்சட்டையோடு தராசில் ஏறினார். தொண்ணூறு கிலோ நானூறு கிராம். கோச் தலையில் கை வைத்தார். இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப ஏறலாம் என்று நடத்துபவர்கள் சொன்னார்கள். கோச் என் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கி, அதன் மேலிருந்த எழுத்தைத் தட்டிக் காட்டினார். அறுநூறு மில்லிலீட்டர். அது முழுவதும் உள்ளே போனால் கணக்குச் சரி.

எதிராளி ஓர் இறைச்சிக்கடைக்காரர். கழுத்து என்று தனியாக ஒன்றும் அவருக்கு இல்லை. அவரே எழும்பி வந்து மாமாவிடம் இரண்டு வாழைப்பழம் நீட்டினார். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் மாமாவைச் சண்டைக்கு ஏற்றத்தான் பாடுபட்டோம். நான் போத்தலின் மூடியைத் திறந்து, “குடியுங்கோ மாமா, முருகன் ஒண்டும் சொல்ல மாட்டார்” என்று கெஞ்சினேன், அழவும் செய்தேன். மாமா போத்தலை வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். பிறகு மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தார். கடைசி வரிசைக் கதிரையில் அம்மா இரண்டு கையையும் கூப்பியபடி இருந்தா. மாமா மூடியை இறுக்கிப் போத்தலைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“விரதமெல்லே பிள்ளை” என்றார்.

ஒரு மணி நேரம் முடிந்தது. இறைச்சிக்கடைக்காரர் சண்டையே போடாமல் பட்டியை வாங்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி போனார். பின்னேரம் கோயிலில், ஆள் பெரிது என்று மாமாவைச் சூரன் தூக்க விட்டார்கள். சூரனின் தலையைக் கழற்றிக் கழற்றி மாற்ற, மாமா கீழே நின்று அப்படியும் இப்படியும் ஆட்டினார். சனம் அரோகரா என்றது. முருகனின் வேல் வந்தபோது நான் கும்பிடவில்லை. அன்றைக்கு நான் சூரன் கட்சி.

அதற்குப் பிறகு மாமா ஜிம்முக்குப் போகவில்லை. அந்தச் சுவரில் ஒரு கலண்டர் மாட்டினோம்.

பதின்மூன்று வருஷம் கழித்து அவருக்கு இடுப்பு வலி வந்து, எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள். மறுபடியும் படிவம், மறுபடியும் நான். உடம்புக்குள் உலோகத் துண்டு ஏதும் உண்டா என்ற கேள்வியைச் சொல்லிக்கொண்டே ‘இல்லை’யின் பக்கம் பேனையைக் கொண்டுபோனேன்.

“அதுக்கு ஓம் எண்டு போடு பிள்ளை. தலையில கிடக்கு. ஷெல் துண்டு.”

நான் அவருடைய காதுக்குப் பின்னால் பார்த்தேன். தென்னை?

“தென்னையெல்லாம் சும்மா. பதினாறு வயசில, ஊருக்கு ஷெல் அடிச்ச நேரம். உன்ர அம்மாதான் சைக்கிள் பாரில வைச்சு ஆஸ்பத்திரிக்கு உழக்கிக்கொண்டு போனவ. நல்லகாலம், அப்ப நான் மெல்லிசு.”

ஓம் என்று புள்ளடி போட்டேன். அந்த ஸ்கானை எடுக்க முடியாது என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காரில் வரும்போது எனக்கு அந்த மண்டபமும் கடைசி வரிசைக் கதிரையும் திரும்பத் திரும்ப வந்தன. அம்மா கை கூப்பியிருந்ததை நானும்தான் பார்த்தேன். அவ முருகனைக் கும்பிடுகிறா என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.