அக்கா வீட்டுக் கரும்பச்சை

பெயிண்டருக்குத் தன் அக்கா மேல் ஒரு கோபம் இருந்தது. வருஷக்கணக்காக ஆறாத கோபம்.

அவன் சொந்தமாக வீடு கட்டியபோது சுவருக்குத் தானே பட்டி பார்த்தான், தானே தேய்த்தான், பால் மாதிரி வெள்ளை அடித்தான். சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிற்க வைத்தான். அக்கா வந்தாள். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. இதுல என் கட்டில் எது? டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதற்குமே சிரிக்காத அவன் மாமனார்கூடச் சிரித்தார். அதைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

அவளையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. காலையில் உள்ளே போனால் வெள்ளைப் போர்வை, வெள்ளை உறை, வெள்ளை அங்கி. துவைத்து, பிழிந்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கி அனுப்புவாள். அனுப்பியது எல்லாம் கறையோடு திரும்பி வரும். ஊருக்கு வெள்ளை என்றால் சுத்தம். அவளுக்கு வெள்ளை என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

குடியிருந்தது எல்லாம் வாடகை வீடு. வீட்டுக்காரர்கள் ஆளாளுக்கு வேறு குணம். ஆனால் "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்பதில் மட்டும் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அக்கா சரி என்று தலையாட்டுவாள். விடுமுறை வந்தால் பழைய சாமான் சந்தைக்குப் போய்விடுவாள். பூப்போட்ட பீங்கான் தட்டு, சட்டம் போட்ட பறவைப் படம், விளிம்பு உடைந்த கண்ணாடி, குஞ்சம் தொங்கும் விளக்கு மூடி, கட்டமும் கோடும் போட்ட திரை, விரிப்பு. கொண்டுவந்து துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"மாட்டத்தான்."

"எங்க மாட்டுவ?"

"சுவர் வரட்டும்டா."

தலை நரைத்த பிறகு சுவர் வந்தது. மூன்றாம் மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. சொந்தம்.

அவள் புருஷன் தூர ஊருக்கு லாரி ஓட்டுகிறவர். வழியிலிருந்தே போனில் சட்டம் போட்டார். "நான் வீட்டுக்கு வர்றதே தூங்கத்தான். எந்த வீட்லயும் எனக்கு ஒழுங்கா தூக்கம் வந்ததில்ல, உனக்கே தெரியும். உன் இஷ்டப்படி பண்ணிக்க. நான் வந்து கூடத்துல ஒரு தூக்கம் போட்டுப் பாக்குறேன். கண்ணை உறுத்துச்சு, அவ்ளோதான். எல்லாத்தையும் இறக்கிட்டு வெள்ளை அடிச்சிடணும்."

அக்கா "சரி" என்றுவிட்டாள். கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை அவள். மாமாவுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அந்த மூட்டைகள் மறுபடி கட்டிலுக்கு அடியில்தான். அதற்குப் பிறகு அவை வெளியே வராது.

பெயிண்டருக்குச் சொல்லி அனுப்பினாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், கூடப் பிறந்தவள் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனான்.

"கரும்பச்சை அடி."

"எந்தக் கரும்பச்சை?"

"கறுப்புன்னு நினைச்சுக்கிட்டு கிட்ட போனா, இல்ல நான் பச்சைன்னு அது சொல்லணும்."

"கலர் கேட்டா விடுகதை போடுறியே."

கலக்கினான். அட்டையில் தடவிக் காட்டினான். வேண்டாம் என்றாள். இன்னும் கொஞ்சம் நீலம், இன்னும் ஒரு சொட்டுக் கறுப்பு. கடைசியில் அவள் அட்டையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். பச்சை அவள் சேலையில் ஒட்டியது. துடைக்கவில்லை.

நாலு சுவரும் முடிந்தது. கதவும் ஜன்னல் சட்டமும்கூட அதே பச்சை. பிறகு மாட்டுகிற வேலை. எல்லாவற்றையும் முதலில் தரையில் பரப்பி, நகர்த்தி நகர்த்தி வைத்தாள். பெரிய பூவுக்குப் பக்கத்தில் பொடிக் கட்டம், கோட்டுக்குப் பக்கத்தில் பறவை.

"ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்குமேக்கா."

"எல்லாத்துலயும் ஒரு துளி சிவப்பு இருக்கா பாரு. அது இருந்தா அடிச்சுக்காது. ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி, மூஞ்சி வேற, மூக்கு ஒண்ணு."

பார்த்தான். இருந்தது. தட்டில், திரையில், பறவையின் அலகில், விரிப்பின் ஓரத்தில். இத்தனை வருஷம் சந்தையில் அவள் கைக்கு வந்ததை வாங்கவில்லை, தேடி வாங்கியிருக்கிறாள். அவன் ஆணியை எடுத்தான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அக்கா நடுவில் நின்றாள். முகம் வாடிவிட்டது. கூடம் நிறைந்திருந்தது, ஆனால் சந்தையில் கடை பரப்பினது போலத்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் மாமா வருகிறார்.

அவள் தரையில் மல்லாக்கப் படுத்தாள். பெயிண்டர் பயந்துபோனான். "என்னக்கா, தலை சுத்துதா?"

"மேல பாருடா. பட்டுச் சேலையைக் கட்டிட்டு, தலையில துண்டைப் போட்ட மாதிரி இருக்கு. சீலிங்கையும் அதே பச்சை அடி."

"சீலிங்னா வெள்ளைதான்."

"யார் சொன்னா?"

யாரும் சொன்னதில்லை. தொழிலுக்கு வந்த நாள் முதல் அவன் சீலிங்குக்கு வேறு நிறம் தொட்டதில்லை, அவ்வளவுதான். "கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கும். மாமா மூச்சு முட்டி எழுந்து ஓடுவாரு. அப்புறம் என் வேலையைத்தான் திட்டுவீங்க. நான் அடிக்க மாட்டேன்."

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ரோலரை வாளியில் முக்கி, வழிக்காமல் கொள்ளாமல் சீலிங்கில் ஒரு இழுப்பு இழுத்தாள். சொட்டுச் சொட்டாக அவள் மூக்கிலும் தரையிலும் விழுந்தது. திட்டுத் திட்டாக ஒரு கோலம்.

எந்தப் பெயிண்டரும் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான், கெட்ட ரோலர் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். "இறங்கு. கொலைகாரி, இறங்கு" என்று ரோலரைப் பிடுங்கினான். மாட்டினதை எல்லாம் போர்வை போட்டு மூடிவிட்டு மேலே ஏறினான். இரண்டாம் பூச்சும் அடித்து இறங்கியபோது கழுத்து திரும்பவில்லை.

போர்வையை எடுத்தார்கள். சுவர் எங்கே முடிகிறது, சீலிங் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கூடத்துக்கு மூலையே இல்லாமல் போயிருந்தது. கிணறு மாதிரி இல்லை. தட்டுகள் மினுங்கின, கண்ணாடிகள் ஜன்னல் வெளிச்சத்தை ஒன்றுக்கொன்று தூக்கிப் போட்டு விளையாடின. அவன் பூசிய சுவர்களிலேயே இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை. அக்காவைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தான், திட்டு வரவில்லை.

மாமா வந்தார். செருப்பை விட்டார். வாசலிலேயே நின்று மேலேயும் கீழேயும் பார்த்தார். அக்கா சமையலறைக்குள் போய் ஒரு பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா சோபாவில் சாய்ந்தார். பெயிண்டர் ஏணியை மடிக்கிற சாக்கில் நின்றுகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குறட்டை கிளம்பியது. சாதாரணக் குறட்டை இல்லை, லோடு ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிற மாதிரிக் குறட்டை. அக்கா ஈரக் கையோடு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம்வரை அந்த மனுஷன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார். "இது என் லாரி கேபின் மாதிரி இருக்கு. அங்கயும் இப்படித்தான், தலைக்கு மேல குஞ்சம், பக்கத்துல படம், ஒரு இடம் சும்மா விடலை. அங்க மட்டும்தான் எனக்குத் தூக்கம் வரும். வெறும் சுவத்தைப் பாத்துக்கிட்டு எப்படித் தூங்குறது?" பிறகு ஜன்னல் பக்கம் விரலை நீட்டினார். "அந்த ஓரம் ஏன் காலியா இருக்கு? காசு தீந்துபோச்சா?"

அக்கா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்து வழிந்தது. பெயிண்டர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரஷ்ஷைக் கழுவினான். மூக்கை உறிஞ்சினதற்குத் தின்னர் வாடை என்று காரணம் சொன்னான்.

சேதி மாடி மாடியாகப் பரவியது. சலவைக்கூடத்துப் பெண்கள் வேலை முடிந்து கும்பலாக வந்து பார்த்தார்கள். மேல் வீட்டுக்காரி வந்து, ஒன்றும் பிடிக்காத மாதிரி எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, போகிறபோது "உங்க பெயிண்டர் யாரு?" என்று கேட்டாள்.

அன்றைக்கே அக்கா பெயிண்டரைக் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டேய், மேல் வீட்டுக்குப் போய்ப் பூசிக் குடு. சீலிங்கையும் சேத்துப் பூசு, வெள்ளைய விட்டுட்டு வந்துடாத. ஆனா என் பச்சையை மட்டும் அவளுக்குக் கலக்கிக் குடுத்துடாதடா."